கோட்டையூர்க் கடிதங்களை எதில் கட்டி அனுப்புவது? ஜிப், 7இசட், டார்: ஓர் ஒப்பீட்டு அலசல்

காரைக்குடியில் இருக்கும் பெரியவர் விண்டோஸில் ஸ்கேன் செய்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் மேக் இருக்கிறது. பெங்களூரில் படிக்கும் பேரன் லினக்ஸைத் தவிர வேறெதையும் தொட மாட்டான். பெட்டகத்திலிருந்து எடுத்த பர்மாக் கடிதங்கள், கணக்கேடுகள், நகரத்தாரின் திருமணப் பதிவான இசைகுடிமானம் எல்லாம் மூன்று கணினிகளிலும் ஒரு பக்கமும் குறையாமல் திறக்க வேண்டும். பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டி அனுப்ப ஜிப், 7இசட், டார் என்ற வடிவங்கள் இருக்கின்றன. எது அதிகம் சுருக்கும் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், தமிழில் வைத்த பெயர் போய்ச் சேர்ந்த இடத்திலும் தமிழாகவே இருக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் அளவுக்கு வர வேண்டும்.

அளவுக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை எதில் போட்டாலும் அளவு பெரிதாகக் குறையாது. சுருக்காத டிஃப் படமாக வைத்திருந்தால் கதை வேறு. ஏ4 தாளை 300 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் ஒரு பக்கமே ஏறத்தாழ 26 எம்பி வரும். அங்கே 7இசட்டின் கை ஓங்கும், ஜிப் பின்தங்கும்.

ஜிப் 1989இல் ஃபில் காட்ஸ் உருவாக்கியது. எதையும் நிறுவாமல் மூன்று இயங்குதளங்களிலும் திறக்கும். அந்த வசதியை மற்றவை இன்னும் எட்டவில்லை. ஆனால், அது பிறந்தபோது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடே கிடையாது. பெயர்கள் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் சேமிப்பு முறையில் இருக்கின்றன என்று குறித்துவைக்கும் வழி ஜிப் விதிமுறையில் 2006இல்தான் சேர்ந்தது. மேக்கின் சொந்தச் சுருக்கியோ பெயர்களை யூடிஎஃப்-8இல் எழுதிவிட்டு அந்தக் குறியை மட்டும் பல ஆண்டுகள் இடாமலே விட்டது. அப்படி வந்த கட்டை விண்டோஸில் பிரித்தால், பழைய ஐபிஎம் எழுத்துப் பட்டியலைக் கொண்டு அது பெயரைப் படிக்கும். 'கோட்டையூர்' என்ற பெயரில் ஒவ்வொரு குறியீடும் ஒரு கிரேக்க ஆல்பா, ஒரு கோண மேற்கோள்குறி, இன்னும் ஏதோ ஒன்று என மூன்று துண்டாகச் சிதறும். படங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எந்தக் கடிதம் யாருடையது என்ற தகவல் பெயரில்தானே இருந்தது! விண்டோஸில் 7-ஜிப் மென்பொருளைக் கொண்டு ஜிப் செய்தால் தமிழ்ப் பெயர்கள் முறையான குறியோடு போகும். மேக்கும் லினக்ஸும் சரியாகப் படிக்கும்.

7இசட் வடிவத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. பெயர்கள் எப்போதும் யூனிகோடில்தான். இகோர் பாவ்லவ் 1999இல் தொடங்கிய 7-ஜிப் திட்டத்தின் சொந்த வடிவமான இது முற்றிலும் இலவசம். கடவுச்சொல் போட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களையும் மறைத்துவிடலாம். சொத்துப் பத்திரங்களை அனுப்புவோர் இதற்காகவே 7இசட்டுக்கு மாறலாம். சாதாரண ஜிப்பில் கடவுச்சொல் இருந்தாலும் பெயர்ப் பட்டியலை யாரும் பார்க்கலாம். குறையும் உண்டு. பல கோப்புகளை ஒரே தொடராகச் சேர்த்துச் சுருக்குவதால், நடுவில் ஓரிடம் பழுதானால் அதற்குப் பின் இருப்பவையும் சேர்ந்து போகும். விண்டோஸ் 11 இதை 2023 முதல் தானாகவே திறக்கிறது. விண்டோஸ் 10இல் 7-ஜிப் நிறுவ வேண்டும். மேக்கில் கெகா போன்ற செயலி இருந்தால் திறக்கவும் கட்டவும் செய்யலாம்.

டார், 1979இல் யூனிக்ஸோடு வந்த பழைய கை. லினக்ஸின் கோப்பு அனுமதிகளையும் இணைப்புகளையும் அப்படியே காக்கும். பேரன் தன் நிரல்களை வைத்துக்கொள்ள அதுவே சரி. குடும்பப் படங்களுக்குத் தேவையில்லை. ரார் என்ற இன்னொரு வடிவத்தைத் திறப்பது எளிது, உருவாக்கக் கட்டண மென்பொருள் வேண்டும். பழுதைச் சரிசெய்யும் பதிவு அதில் இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டும் முறை சரியாக இருந்தும் பெயர் தவறும் ஓர் இடம் உண்டு. 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய வட்டு அமைப்பான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அந்த வட்டிலிருந்து லினக்ஸுக்குப் போனால் கோட்டையூர், தேவகோட்டை, கொத்தமங்கலம் எல்லாம் தேடலில் அகப்படாமல் போகலாம். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்கலாம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஒகர, ஓகாரக் குறிகள் இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. லினக்ஸில் 'கன்வ்எம்வி' என்ற கருவி எல்லாப் பெயர்களையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிடும்.

நீளத்தையும் கவனிக்க வேண்டும். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுப்பதால் 85 குறியீடுகளோடு தீர்ந்துவிடும். புள்ளியும் கொம்பும்கூட இதில் தனித்தனிக் கணக்கு. விண்டோஸில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நீண்ட தலைப்பு லினக்ஸில் பிரியாமல் நிற்பது இதனால்தான். இதற்குப் பயந்து ஆங்கிலத்துக்குப் போக வேண்டாம். சுருக்கமான தமிழ்ப் பெயர் போதும்.

பென் டிரைவில் அனுப்புவதானால் அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். மூன்று கணினிகளும் அதில் படிக்கும், எழுதும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள வட்டை மேக் படிக்க மட்டுமே செய்யும். பழைய ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சுருக்காமல் கட்டினால் மேலே சொன்ன டிஃப் பக்கங்களில் நூற்றறுபத்தைந்து சேர்ந்தாலே அந்த எல்லை வந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும்.

நான் தேர்ந்தெடுப்பது இப்படி: உறவினர் எல்லோருக்கும் போவது 7-ஜிப்பில் செய்த ஜிப், பத்திரங்களும் சுருக்காத டிஃப் படங்களும் 7இசட். அனுப்பியதும் மூலத்தை அழித்துவிடாதீர்கள். 7-ஜிப்பின் வலது கிளிக் பட்டியலில், கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும் ஓர் எண்ணைத் தரும் ஷா-256 சரிபார்ப்பு இருக்கிறது. அந்த எண்ணைச் சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கே வரும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு ஸ்கேன் கணினியில் இடத்தைக் காலி செய்யலாம்.