பில் ஃபோல்டரில் வைக்கும் இருபது ரூபாய் யார் கைக்குப் போகிறது?

சென்னை ஹோட்டல்களில் டிப்ஸ் எவ்வளவு தரலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். பில்லில் பத்து சதவீதம் என்பார் ஒருவர். மீதிச் சில்லறையை விட்டுவந்தால் போதும் என்பார் இன்னொருவர். தொகையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே தவிர, அந்தப் பணம் எந்த வழியாகப் போய் யாரிடம் சேர்கிறது என்று பார்ப்பதில்லை. ஸ்கேன் பண்ணிக் கொடுத்த ஐம்பது ரூபாய் கடையின் கணக்கிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அதற்குப் பத்து ரூபாயைக் கையில் கொடுத்திருக்கலாம். ஆகவே ஹோட்டல் ஹோட்டலாக மார்க் போடாமல், டிப்ஸ் போகும் வழிகளுக்கு மார்க் போட்டுப் பார்ப்போம்.

ரொக்கம்தான் இன்னமும் முதலிடம். அதிலும் எங்கே வைக்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. ஓரளவு பெரிய சைவ ஹோட்டலில் ஒரு டேபிளுக்கு நாலு பேராவது வேலை செய்கிறார்கள்: ஆர்டர் எடுக்கும் சூப்பர்வைசர், கொண்டுவந்து வைக்கும் சர்வர், தண்ணீர் ஊற்றுகிறவர், தட்டெடுத்து டேபிள் துடைக்கும் கிளீனர். பில் ஃபோல்டரில் வைத்தது பெரும்பாலும் சர்வருக்குப் போகும். டம்ளருக்கு அடியில் சொருகியதும், டேபிளில் சும்மா விட்டுவந்த சில்லறையும் முதலில் துடைக்க வருகிறவர் கையில்தான் சிக்கும். அதை அவரே வைத்துக்கொள்ளலாமா, சர்வரிடம் கொடுக்க வேண்டுமா என்பது கடைக்குக் கடை மாறும், சண்டையும் வரும். இரண்டு பேருக்கும் தர நினைத்தால் ஃபோல்டரில் சர்வருக்கு வைத்துவிட்டு, கிளீனரைக் கூப்பிட்டுப் பத்து ரூபாயைக் கையில் கொடுங்கள். இப்போது பல கடைகளில் கிளீனர்கள் ஒடிசா, பீகார், அசாம் பக்கத்துப் பையன்கள். ஹாலில் சம்பளம் குறைவு அவர்களுக்குத்தான். டிப்ஸும் கடைசியாகத்தான் எட்டும்.

மீதிச் சில்லறை வரும் விதத்தைக் கவனித்தால் சர்வரின் அனுபவம் தெரியும். 340 ரூபாய் பில்லுக்கு 500 வைத்தால் மீதி 160. புதுப் பையன் ஒரு நூறு, ஒரு ஐம்பது, ஒரு பத்து என்று கொண்டுவருவான். பழைய ஆள் கல்லாவில் சொல்லி நூறு, இரண்டு இருபது, இரண்டு பத்து என்று மாற்றி, பக்கத்தில் கொஞ்சம் சோம்பும் கற்கண்டும் வைத்துக் கொண்டுவருவார். ஐம்பது ரூபாய்த் தாளை யாரும் விட்டுப்போக மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தந்திரம்தான், ஆனால் நமக்கும் அது வசதி. பத்து ரூபாய் நாணயத்தைத் தரலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லிவிட்டது, தாராளமாக வைக்கலாம்.

எவ்வளவு? சதவீதக் கணக்கு சென்னையின் டிபன் கடைகளுக்குப் பொருந்தாது. இரண்டு பேர் இட்லி, வடை, காபி சாப்பிட்டு 200 ரூபாய் பில் வந்தால் பத்து ரூபாய் போதும், இருபது தாராளம். குடும்பத்தோடு உட்கார்ந்து 600, 700 ஆனால் முப்பதிலிருந்து ஐம்பது. ஏசி ஹாலில் ஸ்டார்ட்டர், பிரியாணி என்று 2000 ரூபாயைத் தொட்டால் நூறு. நட்சத்திர ஹோட்டலில் மட்டும் பத்து சதவீதம் என்பது பழக்கத்தில் இருக்கிறது, அதுவும் சர்வீஸ் சார்ஜ் போடாத இடத்தில். எட்டுப் பத்துப் பேர் கூட்டமாகப் போய், டேபிள்களை இழுத்துச் சேர்த்து, ஆளுக்கொரு தோசை சொல்லி, அதில் இரண்டை மாற்றச் சொல்லி, கடைசியில் பில்லையும் பிரித்துக் கேட்டால் மேற்சொன்ன கணக்குக்கு மேல் ஒரு ஐம்பதாவது வையுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அந்த சர்வர் வேறு இரண்டு டேபிளைப் பார்த்திருப்பார்.

இலைச் சாப்பாடு தனி வகை. அன்லிமிடெட் மீல்ஸில் சாதம் ஒருவர், சாம்பார் ரசம் ஒருவர், கூட்டு பொரியல் ஒருவர் என்று மாறி மாறி வருவார்கள். பில் கொண்டுவருகிறவர் அதில் ஒருவராகவே இல்லாமலும் இருக்கலாம். திரும்பத் திரும்ப வந்து ‘இன்னும் கொஞ்சம் சார்?’ என்று கேட்டவரை அடையாளம் வைத்துக்கொண்டு, எழுந்திருக்கும்போது அவர் கையிலேயே கொடுப்பதுதான் சரி. திருவல்லிக்கேணி ரத்னா கஃபே மாதிரி இட்லி முழுகச் சாம்பார் ஊற்றி, கேட்கக் கேட்க ஊற்றும் இடங்களுக்கும் இதே கணக்கு. வாளியோடு வருகிறவருக்குத்தான் நடை அதிகம்.

தர வேண்டாத இடங்களும் இருக்கின்றன. டோக்கன் வாங்கி நாமே எடுத்து, நின்று சாப்பிட்டு, தட்டையும் நாமே கொண்டுபோய்ப் போடும் இடத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லிக்கு டிப்ஸ் வைத்தால் சங்கடம்தான் மிஞ்சும். பார்சல் கவுண்டரிலும் வேண்டாம், பேக்கிங் சார்ஜ் தனியாகவே போடுகிறார்கள். அது டிப்ஸ் இல்லை, கட்டிக்கொடுக்கிறவருக்கும் போவதில்லை.

இனி ஸ்கேன். கையில் காசே வைத்துக்கொள்ளாத ஊராகிவிட்டது சென்னை. சர்வர்களுக்கு விழுந்த பெரிய அடி இதுதான். டேபிளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கடையின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதில் 640-க்குப் பதில் 700 அடித்தால் அந்த அறுபது ரூபாய் இரவு கணக்கு முடிக்கும்போது ‘எக்ஸஸ்’ என்று நிற்கும். கேஷியர் ஞாபகம் வைத்து, எந்த டேபிள் என்று பார்த்து, ரொக்கமாக எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. பில்லிலேயே அச்சாகியோ மெஷின் திரையிலோ வரும் க்யூஆரில் தொகை ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும். கூட்டி அடிக்கவே முடியாது.

இதற்கு இரண்டு வழி. கல்லாவில் நின்று, சர்வர் காதில் விழும்படி, ‘ஐம்பது கூடப் போட்டிருக்கேன், இவருக்குக் கொடுத்திருங்க’ என்று சொல்லி, ரொக்கம் கைமாறும்வரை நிற்பது ஒன்று. சர்வரிடமே ‘ஜிபே நம்பர் சொல்லுங்கண்ணா’ என்று கேட்பது இன்னொன்று. இரண்டாவதில் ஒரு சிக்கல்: ஹாலில் சர்வர் ஃபோன் எடுக்கக் கூடாது என்று பல கடைகளில் கட்டுப்பாடு. ஹாலை மேற்பார்க்கும் கேப்டன் பார்க்கும்போது கேட்டு அவரை மாட்டிவிட வேண்டாம். எளிய வழி, பர்ஸில் எப்போதும் பத்து, இருபது தாள்களாக ஒரு இருநூறு வைத்திருப்பது. ரொக்கத்துக்குப் பத்துக்கு ஒன்பது என்றால் கடை க்யூஆருக்கு மூன்று கொடுக்கலாம்.

கார்டில் டிப்ஸ் சேர்க்கும் வசதி பெரிய ஹோட்டல் மெஷின்களில் உண்டு. பின் நம்பர் போடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். போட்ட பிறகு சொன்னால் இன்னொரு தடவை தேய்க்க வேண்டிவரும். இப்படிச் சேரும் பணத்தைப் பெரிய ஹோட்டல்கள் மொத்தமாக வைத்துப் பின்னர் ஊழியர்களுக்குப் பிரிக்கின்றன. ‘அதுக்கு டாக்ஸ் பிடிக்கணும்’ என்று யாராவது காரணம் சொன்னால் நம்ப வேண்டாம். ஹோட்டல்கள் நடத்தும் ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வாடிக்கையாளர் தரும் டிப்ஸை ஹோட்டல் வாங்கிப் பிரித்துக் கொடுத்தாலும் அது முதலாளி தரும் சம்பளம் ஆகாது, அதில் ஹோட்டல் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை.

கல்லா பக்கத்தில் இருக்கும் டிப்ஸ் உண்டியல் பார்க்க நியாயமாகத் தெரியும். உள்ளே மாஸ்டர், பாத்திரம் கழுவுகிறவர் என்று கண்ணில் படாதவர்களுக்கும் பங்கு போகுமே. எப்போது திறக்கிறார்கள், யார் எண்ணுகிறார்கள் என்று சர்வரிடம் கேளுங்கள். ‘சனிக்கிழமை சார், எல்லாருக்கும் சமமா’ என்று உடனே பதில் வந்தால் தாராளமாகப் போடலாம். மழுப்பினால் கையிலேயே கொடுங்கள்.

சர்வீஸ் சார்ஜ்தான் அதிகம் குழப்புவது. சாதாரண டிபன் கடைகளில் இது கிடையாது. நட்சத்திர ஹோட்டல், பப், விலை கூடிய ரெஸ்டாரன்ட்களில் 5-லிருந்து 10 சதவீதம் வரை பில்லில் நிற்கும். பலர் இதை ஜிஎஸ்டி மாதிரி அரசாங்க வரி என்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். அரசாங்கத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஹோட்டல் தானாக இதை பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, கட்ட மறுத்தவரை உள்ளே விடாமல் இருக்கவும் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய் அதே மாதம் தடை வாங்கின. 2025 மார்ச் 28-ல் அந்த மனுக்கள் தள்ளுபடியாயின, நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

கணக்கைப் பாருங்கள். சாப்பாடு 1000 ரூபாய், 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 100. ஜிஎஸ்டி 1000-க்கு இல்லை, 1100-க்குப் போடப்படும். 5 சதவீத இடத்தில் மொத்தம் 1155. சார்ஜ் இல்லாவிட்டால் 1050. ஒரு நாள் அறை வாடகை 7500 ரூபாய்க்கு மேல் போகும் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம்: 1298-க்கும் 1180-க்கும் 118 ரூபாய் வித்தியாசம். நூறு ரூபாய் டிப்ஸ் கொடுக்க 118 செலவு, அதிலும் சர்வருக்கு எவ்வளவு போனது என்று தெரியாது. கையில் கொடுக்கும் டிப்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

நீக்கச் சொல்வதற்கு நேரம் முக்கியம். ஆர்டர் கொடுக்கும்போதே மெனுவின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, ‘சர்வீஸ் சார்ஜ் போடாம பில் கொடுங்க’ என்று சொல்லிவிடுவது நல்லது. பில் வந்தபின் கேட்டாலும் மாற்றித் தருவார்கள், ஆனால் மேனேஜர் வந்து பாஸ்வேர்டு போட வேண்டும், தாமதமாகும். பணம் கட்டி முடித்த பிறகு இன்னும் கஷ்டம். மறுத்தால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். சார்ஜை எடுக்கச் சொல்லிவிட்டு சர்வருக்கும் ஒன்றும் வைக்காமல் எழுந்து வருவது மட்டும் அழகில்லை. தகராறு நிர்வாகத்தோடு, அவரோடு இல்லை.

ஆப் டிப்ஸ் நடுவில் நிற்கிறது. டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், மழைக் கட்டணம் எல்லாம் டிப்ஸ் இல்லை. தனியாக ‘டிப்’ என்று சேர்ப்பதுதான் கொண்டுவருகிறவருக்கு. ஒரு தடவை சேர்த்ததை அடுத்தடுத்த ஆர்டருக்கும் தானாகச் சேர்க்கும் டிக் இருந்தால் கவனியுங்கள். தெரியாமல் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும். டாக்ஸி ஆப்களில் வண்டி கிடைப்பதற்கு முன்பே டிப்ஸ் கேட்கும் பழக்கத்துக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. வேலை முடியும் முன் கேட்பதற்குப் பெயர் டிப்ஸ் இல்லை, ஏலம். நம் ஊர் ஆட்டோவில் ‘மேல இருபது போட்டுக் கொடுங்க சார்’ என்பதும் அதே ரகம்தான்.

ஹோட்டலுக்கு வெளியே சில்லறைக் கணக்குகள் நிறைய. வாலே பார்க்கிங்கில் சாவியைத் திரும்ப வாங்கும்போது இருபதோ முப்பதோ. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், ஆனாலும் குனிந்து நாலு டயருக்கும் பிடித்தவருக்குப் பத்து ரூபாய் தருவது ஊர் வழக்கம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாவது மாடிக்குத் தூக்கி வருகிறவருக்கு கேனுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுப்பதில் தப்பே இல்லை. சலூனில் முடி வெட்டியவர் கையில் நேராகக் கொடுங்கள், கல்லாவில் வேண்டாம். கேஸ் சிலிண்டர் வேறு விஷயம். பில் தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு அடக்கம். விருப்பப்பட்டு இருபது, முப்பது தரலாம். ‘நூறு கொடுத்தாத்தான் இறக்குவேன்’ என்றால் 1800 2333 555-க்குப் புகார் செய்யலாம்.

தீபாவளி இனாமுக்கு ஓர் எச்சரிக்கை. தெருக் கூட்டுகிறவர், குப்பை எடுப்பவர் என்று சொல்லிக்கொண்டு முகம் தெரியாதவர்களும் வருவார்கள். தினம் வருகிறவர் யார் என்பதை முந்தைய மாதமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் அசோசியேஷன் மொத்தமாக வசூலித்தால் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் கேளுங்கள், இல்லாவிட்டால் வாட்ச்மேனுக்கு இரண்டு தரம் போகும், மாடிப்படி துடைக்கும் அம்மாவுக்கு ஒன்றும் போகாது. நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் நீட்டும் பக்கத்தில் மேலே 500, 500 என்று வரிசையாக இருக்கும். முதல் இரண்டு வரியின் கையெழுத்தும் நோட்டுக்காரர் கையெழுத்தும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஆராயாமல், கீழே நூறு எழுதிக் கையெழுத்துப் போட்டால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.