முட்டுக்காட்டில் சப் வகுப்பு: ஆறரை மணிக்கே போய்விடுங்கள்

பலகையில் நின்றுகொண்டு துடுப்புப் போடும் விளையாட்டு, ஆங்கிலத்தில் ஸ்டாண்ட்-அப் பேடில், சுருக்கமாக சப். அதைக் கற்றுக்கொள்ள நானும் தம்பியும் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் ஒரு சர்ஃப் பள்ளிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய் வந்தோம். ஆளுக்கு 1,500 ரூபாய், ஒரு மணி நேரம். சொல்லிக்கொடுத்தவருக்காக அந்தப் பணத்தை இன்னொரு முறையும் கொடுப்பேன், ஆனால் பலகை விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

வகுப்பு கடலில் இல்லை, முட்டுக்காடு உப்பங்கழியில். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுதான் சரி. எங்களை இறக்கிய இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான், அலை இல்லை, முதல் வாரம் காலை ஆறரைக்குப் போனபோது ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. அடுத்த வாரம் சோம்பேறித்தனத்தில் ஒன்பது மணி வகுப்பைக் கேட்டு வாங்கினோம், பாதியிலேயே கடல்காற்று எழும்பிவிட்டது, நிற்கிற உடம்பே பாய் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ள, எவ்வளவு துடுப்புப் போட்டாலும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தோம். "முட்டி போட்டு உட்காருங்க அக்கா, காற்று மேல போயிரும்" என்று கத்தினார் சொல்லிக்கொடுத்தவர். அப்படித்தான் கரை சேர்ந்தோம்.

அவர் கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, சின்ன வயதிலேயே கட்டுமரத்தில் நின்று பழகியவர். "தண்ணியப் பார்க்காதீங்க, தூரத்துல அந்தப் பாலத்தைப் பாருங்க" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில் என் கால் நடுக்கம் பாதி குறைந்தது. துடுப்பின் அலகு லேசாக வளைந்திருக்கும், அந்த வளைவு முன்பக்கம் போக வேண்டும், பார்த்த மாத்திரத்தில் எல்லோரும் தலைகீழாகத்தான் பிடிப்போம். துடுப்பை நிமிர்த்தி வைத்துக் கையை உயர்த்தினால் பிடி மணிக்கட்டுக்கு வர வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுத்தார். விழுந்தால் பலகையை விட்டு விலகி, தட்டையாக விழச் சொன்னார், ஆழமில்லாத தண்ணீரில் தலைகுப்புறப் பாய்ந்தால் கழுத்துக்கு ஆபத்து.

இனி குறை. காற்றடைக்கும் பலகைதான் தந்தார்கள், 10 அடி 6 அங்குலம். அந்த வகைப் பலகைக்கு 15 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று வேண்டும், அழுத்தினால் மரம் மாதிரி இருக்க வேண்டும். தம்பிக்கு வந்தது கட்டை விரலுக்கே அமுங்கியது. அவன் 85 கிலோ, ஏறி நின்றதும் நடுவில் தொய்ந்து கணுக்கால்வரை தண்ணீர். கரையில் இருந்தவரிடம் சொன்னால் "அதெல்லாம் போதும் மேடம்" என்று முடித்துவிட்டார். அரை மணி நேரம் விழுந்து விழுந்து, தனக்கு இது வராது என்றே அவன் முடிவு கட்டிவிட்டான். அப்புறம் வேறு பலகை மாற்றிக் கொடுத்ததும் ஐந்தே நிமிடத்தில் நின்றான்! புதிதாக வருகிறவர் தன் உடம்பைத்தான் குறை சொல்லிக்கொள்வார், பலகையை அல்ல. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அடியில் சிப்பி ஓடு கத்தி மாதிரி கிடக்கிறது, அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, என் குதிகால் கிழிந்தது. பிடிப்பான ரப்பர் செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டையும் காலில் கட்டும் கயிற்றையும் நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வேண்டாம், மழையில் முகத்துவாரம் திறந்திருந்தால் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். மற்ற மாதங்களில் பதிவு செய்யும்போதே உங்கள் எடையைச் சொல்லி, தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் பலகையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் ஏறாதீர்கள்.