ரேட்டிங் ஒன்பது உள்ள மாவட்டத்தின் சிறப்புக் கல்வித் துறை: நான்கு வருட அனுபவம்

நியூ ஜெர்சியில் வீடு தேடும் நம் ஆட்கள் முதலில் பார்ப்பது பள்ளி மாவட்டத்தின் ரேட்டிங்கை. பத்துக்கு ஒன்பது என்றால் அடுக்களையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாவிட்டாலும் வாங்கிவிடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். பையனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான், அந்த ஒன்பதில் சிறப்புக் கல்வி பற்றி ஒரு வரிகூட இல்லை என்று கவனித்தேன். மாவட்டத்தின் பெயர் வேண்டாம். பையன் இன்னும் அங்கேதான் படிக்கிறான்.

இந்த நான்கு வருடத்தில் மாவட்டத்தின் சிறப்புக் கல்வி அலுவலகத்தை இரண்டு டைரக்டர்களின் கீழ் பார்த்துவிட்டேன். சட்டம் மாறவில்லை, கட்டடம் மாறவில்லை, வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மாகூட அதே அம்மாதான்.

முதல் டைரக்டரை நான் நேரில் பார்த்ததே இல்லை. பையனை மதிப்பீடு செய்யுங்கள் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன், "சொல்லி வைக்கிறோம்" என்றார்கள். இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஸ்பான் என்ற பெற்றோர் உதவி அமைப்பைக் கூப்பிட்டபோது, தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள், 20 நாளுக்குள் அவர்கள் கூட்டம் வைத்தாக வேண்டும் என்றார்கள். எழுதினேன். பதினெட்டாம் நாள் கூட்டம் நடந்தது! நாம் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் மதிப்பீடு முடிந்து, ஐ.இ.பி. எனும் தனிநபர் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதும் இங்கே விதி. அதைக் கடைசி வாரம்வரை இழுத்தார்கள். பையன் சிறப்புக் கல்விக்குத் தகுதியா என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு 10 நாள் முன்பே நம் கைக்கு வந்திருக்க வேண்டிய அறிக்கைகள் முந்தின நாள் சாயங்காலம்தான் வந்தன. நானும் மனைவியும் ராத்திரி ஒரு மணிவரை படித்தோம்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி அவனைக் குழப்பும் என்று மதிப்பீடு செய்த குழுவில் ஒருவர் சொன்னார். நாங்களும் நம்பி ஐந்து மாதம் அப்படியே செய்தோம். கோவில்பட்டியிலிருந்து என் அம்மா வீடியோவில் "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டால், நடுவில் புகுந்து ஆங்கிலத்தில் சொல்வோம். அம்மா கொஞ்ச நாளில் அவனைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும்.

அவன் கிண்டர்கார்ட்டன் போன வருடம் புது டைரக்டர் வந்தார். முதல் மாதமே ஒரு காலை முழுவதும் அவன் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அன்று மத்தியானம் எனக்குப் போன். "உங்கள் பையன் திரும்பத் திரும்ப 'தண்ணி' என்கிறானே, அப்படியென்றால் என்ன?" சொன்னேன். ஒரு நொடி பேச்சில்லை. அப்புறம், "வேறென்ன வார்த்தைகள் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்?" என்றார். தண்ணி, போதும், வலிக்குது, பயம்மா இருக்கு, உச்சா, வேணாம், அம்மா எங்க என்று ஏழு சொன்னேன். மறுநாள் அந்த ஏழும் உச்சரிப்போடு ஆசிரியை மேசையில் ஒட்டப்பட்டிருந்தன. வீட்டில் தாராளமாகத் தமிழ் பேசுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

இதை நல்ல மனசு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த டைரக்டர் அம்மா கணக்கில் புலி. முந்தைய வருடம் ஸ்பீச் தெரபிஸ்ட் பிரசவ விடுப்பில் போனபோது எத்தனை வகுப்புகள் போயின என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. இப்போது தவறிய ஒவ்வொரு வகுப்பும் தேதியோடு வீட்டுக்கு வருகிறது, ஈடு செய்யும் நாளும் அதிலேயே இருக்கிறது. ஐ.இ.பி. வரைவு கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வருகிறது. சென்ற வருட இலக்குகளை அப்படியே நகலெடுத்திருந்த ஒரு வரைவை எங்கள் கண்முன்னே திருப்பிக் கொடுத்தார். பிள்ளையின் நிலைக்குத் தக்க முன்னேற்றம் இருக்க வேண்டும் என்ற 2017 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தன் ஊழியர்களுக்கே நினைவூட்டினார். விதிப்படி இருக்க வேண்டிய பெற்றோர் ஆலோசனைக் குழு முன்பு வெப்சைட்டில் மட்டும்தான் இருந்தது. இப்போது மாதம் ஒருமுறை ஜூமில் கூடுகிறது, அவரே வந்து உட்காருகிறார்.

சண்டையும் போட்டிருக்கிறோம். பையனுக்கென்று தனி உதவியாளர் கேட்டேன், மறுத்துவிட்டார். பெரியவர் ஒருவர் ஒட்டிக்கொண்டே இருந்தால் மற்ற பிள்ளைகள் அவனிடம் வர மாட்டார்கள் என்பது அவர் வாதம். காரணத்தை எழுத்தில் கேட்டேன், மூன்றே நாளில் தந்தார். வகுப்பறை விஷயத்தில் அவர் சொன்னது சரிதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். இடைவேளையில் அவனோடு ஊஞ்சலாட ஒரு பையன் வருகிறான். பஸ் விஷயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேன் இன்றும் தாமதம், ஓட்டுநரைத் தவிர உள்ளே யாரும் கிடையாது. கோடை வகுப்பும் நாலு வாரம், அதுவும் அரை நாள். கேட்டால் பணம் என்கிறார். நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம்வரை இப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தருவதாக 1975 சிறப்புக் கல்விச் சட்டத்தில் மத்திய அரசு சொன்னது, அது இன்றுவரை முழுதாக வந்ததில்லை. மிச்சத்தை மாநிலமும் நம் வீட்டு வரியும்தான் சுமக்கின்றன. பட்ஜெட் கூட்டத்தில் "இந்தப் பிள்ளைகளுக்கே இவ்வளவா?" என்று ஒருவர் கேட்டபோது டைரக்டர் எழுந்து நின்று பதில் சொன்னதை நானே பார்த்தேன். அதற்காக பஸ்ஸை மன்னிக்க முடியுமா?

மார்க் போடச் சொன்னால், பழைய காலத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை, இப்போதைக்கு நாலு. இங்கே வீடு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ரேட்டிங்கை மூடி வையுங்கள், டைரக்டர் யார், வந்து எத்தனை வருடம் ஆகிறது என்று அங்குள்ள பெற்றோரிடம் கேளுங்கள். மாவட்டத்திடம் கேட்க வேண்டியதைப் போனோடு விட்டுவிடாமல் எழுத்தில் கேளுங்கள்.

வரும் ஜூனில் இவரும் வேறு மாவட்டத்துக்குப் போகிறார் என்று ஒரு பேச்சு. ஜூம் கூட்டத்தில் கேட்டோம், சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த வாரமே, மேசையில் ஒட்டியிருக்கும் ஏழு வார்த்தைகளையும் ஐ.இ.பி.யிலேயே சேர்க்கச் சொல்லித் தேதி போட்டு ஒரு கடிதம் எழுதினேன். சேர்த்துவிட்டார்கள். ஒன்பதாம் பக்கம், 'தண்ணி'யில் தொடங்குகிறது.