சம்மிட் கவுண்டியில் தனிநபர் மருத்துவக் காப்பீடு: ப்ரான்ஸா, சில்வரா, கோல்டா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பனிச்சறுக்கு விடுதிகள் நிறைந்த மலைப்பகுதியில் வீட்டு வாடகை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். காப்பீட்டு பிரீமியம் எவ்வளவு என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். 2014இல், தனிநபர்கள் அரசு மானியத்தோடு காப்பீடு வாங்கும் ஒபாமாகேர் சந்தை தொடங்கியபோது, நாட்டிலேயே அதிக பிரீமியம் இருந்த பகுதி இதுதான். ஈகிள், கார்ஃபீல்டு, பிட்கின், சம்மிட் கவுண்டிகளை (நம்மூர் மாவட்டம் மாதிரி) தனிக் கட்டண மண்டலமாக வைத்திருந்தார்கள். அங்கே 40 வயதுக்காரர் ஒருவருக்கு மிக மலிவான சில்வர் (ப்ரான்ஸுக்கும் கோல்டுக்கும் நடுவில் உள்ள நிலை) திட்டமே மாதம் 483 டாலர். ஆஸ்பெனின் கோடீஸ்வரருக்கு அது ஒரு இரவுச் சாப்பாட்டுச் செலவு. கார்ஃபீல்டு கவுண்டியின் ரைஃபிள் ஊரில் இருந்துகொண்டு அதே ஆஸ்பெனில் அறை சுத்தம் செய்யப் போகிறவருக்கும் அதே கட்டணம்தான்.

அடுத்த ஆண்டே அந்தத் தனி மண்டலத்தைக் கலைத்து, மாநிலத்தின் மேற்குப் பகுதியோடு சேர்த்தார்கள். 2020இல் கம்பெனிகளின் பெரிய மருத்துவச் செலவுகளில் ஒரு பங்கை ஏற்கும் மாநில அரசின் மறுகாப்பீட்டுத் திட்டம் வந்தபோது தனிநபர் பிரீமியம் மாநிலம் முழுவதும் சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு சம்மிட் கவுண்டியில் பீக் ஹெல்த் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு மருத்துவமனையோடு நேரடியாகப் பேரம் பேசி விலையை இன்னும் இறக்கியது. ஆனாலும் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. கவுண்டிக்கு ஒரே மருத்துவமனை என்றால் போட்டி எங்கிருந்து வரும்?

இங்கே திட்டம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பிரீமியத்தைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். நான் மருத்துவமனையைப் பார்த்துத் தொடங்கச் சொல்வேன். சம்மிட் கவுண்டிக்கு இருப்பது ஃப்ரிஸ்கோவில் உள்ள செயின்ட் ஆன்டனி சம்மிட் மருத்துவமனை. ஈகிள் கவுண்டிக்கு வெய்ல் ஹெல்த். கீழே கிளென்வுட் ஸ்பிரிங்ஸில் வேலி வியூ. பெரிய விபத்து என்றால் ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டி டென்வருக்குத்தான் போக வேண்டும். பனிப்புயல் நாளில் ஐ-70 சாலையை மூடிவிட்டால் ஹெலிகாப்டர்கூடப் பறக்காமல் போகலாம்.

தனிநபர் சந்தையில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் எச்எம்ஓ அல்லது ஈபிஓ வகைத் திட்டங்கள். இவற்றில் நெட்வொர்க்குக்கு, அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகள், மருத்துவர்களுக்கு வெளியே போனால், அவசரச் சிகிச்சையைத் தவிர மற்றதற்கு ஒரு காசு வராது. அவசரம் என்றால் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் உள் நெட்வொர்க் கணக்கில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2022 முதல் கூட்டாட்சிச் சட்டம் இதில் கடுமையாக இருக்கிறது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸும் அதில் அடக்கம். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள்.

சிக்கல் வருவது அவசரம் முடிந்த பிறகு. முழங்காலில் தசைநார் அறுந்துபோனால் அன்றைக்கு எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அறுவைச் சிகிச்சை சில வாரம் கழித்துத்தான். அது அவசரச் சிகிச்சை இல்லை. அப்போது உங்கள் எலும்பு மருத்துவர், இயன்முறைச் சிகிச்சை நிலையம், ஸ்கேன் எடுக்கும் இடம் மூன்றும் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். வெய்லில் இருக்கும் ஸ்டெட்மன் கிளினிக் உலகப் புகழ் பெற்றது. உங்கள் திட்டத்தில் அது இருக்கிறதா என்பது வேறு கதை. மருத்துவமனையின் பில்லிங் பிரிவுக்குப் போன் செய்யும்போது "இந்தக் கம்பெனியை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் அநேகமாக "ஆமாம்" என்றுதான் பதில் வரும். ஒரே கம்பெனிக்கு மூன்று நான்கு நெட்வொர்க் இருக்கும். திட்டச் சுருக்கத்தில் அச்சாகியிருக்கும் நெட்வொர்க்கின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், எந்த ஆண்டுக்கு என்பதையும் சேர்த்து.

பிரீமியத்தை முடிவு செய்வது நீங்கள் குடியிருக்கும் கவுண்டி, வேலை பார்க்கும் கவுண்டி அல்ல. பிரெக்கென்ரிட்ஜிலிருந்து ஹூசியர் கணவாயைத் தாண்டினால் பார்க் கவுண்டி வந்துவிடும். காப்பீட்டுக் கணக்கில் அது டென்வர் மண்டலம். ஃபேர்பிளேயில் குடியிருந்து பிரெக்கென்ரிட்ஜில் வேலை பார்க்கிறவருக்கு டென்வர் கட்டணம்தான். சந்தோஷம்தான். ஆனால் டென்வர் மருத்துவமனைகளை மட்டுமே வைத்துக் கட்டிய மலிவுத் திட்டத்தை எடுத்துவிட்டால், பக்கத்து ஃப்ரிஸ்கோவில் சாதாரணப் பரிசோதனைக்குக்கூட முழுப் பணம் கட்ட வேண்டியிருக்கலாம்.

சரி, இப்போது ப்ரான்ஸ், சில்வர், கோல்டு. ப்ரான்ஸில் பிரீமியம் குறைவு, சிகிச்சையின்போது கைச்செலவு அதிகம். கோல்டில் நேர்மாறு, சில்வர் நடுவில். சில்வரை முதலில் முடித்துவிடலாம். 2026 திட்ட ஆண்டில் தனி ஆளின் ஆண்டு வருமானம் 39,125 டாலருக்குள் இருந்தால் சில்வரில் டிடக்டிபிளும் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) கோபேயும் (ஒவ்வொரு சிகிச்சைக்கும் உங்கள் பங்கு) குறையும். 31,300க்குள் என்றால் நன்றாகவே குறையும். அவர்கள் வேறு எதையும் பார்க்க வேண்டாம், சில்வர்தான். அதற்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குச் சில்வர் பெரும்பாலும் வீண். அந்தச் சலுகைக்கான பணத்தைக் கூட்டாட்சி அரசு 2017இல் நிறுத்திவிட்டதால், கம்பெனிகள் அந்தச் செலவைச் சில்வர் பிரீமியத்தின் தலையில்தான் கட்டுகின்றன. அதனால் சில இடங்களில் கோல்டின் விலை அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ப்ரான்ஸா கோல்டா என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். எண்கள் கணக்குக்காக வைத்தவைதான். மானியம் இல்லாத ஒருவருக்கு ப்ரான்ஸ் மாதம் 550, கோல்டு 800 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 வித்தியாசம். ப்ரான்ஸில் கைக்காசு உச்சவரம்பு, அதாவது பிரீமியம் போக ஓர் ஆண்டில் நீங்கள் கட்டும் அதிகபட்சம், 10,600 (2026இல் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சமும் அதுதான்), கோல்டில் 7,500. அறுவைச் சிகிச்சை வரை போகும் ஆண்டில் மொத்தச் செலவு ப்ரான்ஸில் 17,200, கோல்டில் 17,100. கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஒன்றுமே ஆகாத ஆண்டில் ப்ரான்ஸ்காரர் கையில் 3,000 மிச்சம். இடைப்பட்ட ஆண்டில்தான் கோல்டு ஜெயிக்கும். மாதாமாதம் விலையுயர்ந்த மருந்து எடுப்பவர்கள், பிரசவத்துக்குத் திட்டமிடுகிறவர்கள், வாரம் ஒருமுறை மனநல ஆலோசனைக்குப் போகிறவர்கள் கோல்டை விட வேண்டாம். மற்றவர்களுக்கு என் ஓட்டு ப்ரான்ஸுக்கு.

பனிச்சறுக்குக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: டிடக்டிபிள் ஜனவரி 1 அன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பனிச்சறுக்குப் பருவமோ நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். கிறிஸ்துமஸ் வாரத்தில் விழுந்து ஜனவரியில் அறுவைச் சிகிச்சை செய்தால் இரண்டு ஆண்டுக் கணக்கிலும் கட்ட வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் திட்டம் தேடும்போதே இதை யோசித்து வைப்பது நல்லது.

ப்ரான்ஸுக்கு 2026 முதல் இன்னொரு பலம் சேர்ந்திருக்கிறது. சந்தையில் விற்கும் எல்லா ப்ரான்ஸ் திட்டங்களோடும், மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் எச்எஸ்ஏ கணக்கு தொடங்கலாம். 2026இல் தனி ஆளுக்கு ஆண்டு வரம்பு 4,400 டாலர். வரிச் சலுகையைவிட முக்கியமானது வேறு. கோவிட் காலத்தில் கூட்டிய மானியம் 2025 இறுதியோடு காலாவதியாகி, பழைய வருமான வரம்பு திரும்பி வந்துவிட்டது. 2026இல் அது தனி ஆளுக்கு 62,600, நான்கு பேர் குடும்பத்துக்கு 128,600. அதற்கு ஒரு டாலர் மேலே போனாலும் கூட்டாட்சி மானியம் முழுவதும் போய்விடும். வயது கூடக்கூட பிரீமியம் ஏறுவதால் இந்த அடி அதிகம் விழுவது அறுபதை நெருங்குகிறவர்களுக்கு.

அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு வருமானம் 66,000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மானியம் கிடையாது. எச்எஸ்ஏவில் 4,400 போட்டால் மானியத்துக்காகப் பார்க்கும் வருமானம் 61,600 ஆகிவிடும். இப்போது கவுண்டியின் அளவுகோல் திட்டத்துக்கு, அதாவது இரண்டாவது மலிவான சில்வருக்கு, அவர் வருமானத்தில் 9.96 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம், மாதம் 511 டாலர். அந்தத் திட்டத்தின் விலை 1,100 என்றால் மீதி 589 மானியம். அதை ப்ரான்ஸுக்கும் பயன்படுத்தலாம். பிரீமியம் அதிகமான கவுண்டியில் மானியமும் அதிகம் என்பது இந்த ஏற்பாட்டின் வினோதம். வரம்புக்குள் இருப்பவர் பிழைத்துக்கொள்வார், சற்று வெளியே இருப்பவர்தான் மொத்தத்தையும் சுமப்பார்.

டிப்ஸிலும் வீட்டை விடுமுறை வாடகைக்கு விட்டும் சம்பாதிக்கிறவர்கள் வருமானத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முன்பெல்லாம் கூடுதலாக வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டுவதற்கு வருமானத்தைப் பொறுத்து உச்சவரம்பு இருந்தது. 2026 முதல் அது இல்லை. வரி தாக்கல் செய்யும்போது முழுவதையும் கேட்பார்கள். அதே சமயம், ஏப்ரல், மே மாதங்களில் விடுதிகள் மூடி வேலை நின்று, மாத வருமானம் சுமார் 1,800 டாலருக்குக் கீழே போனால் தனி ஆளுக்கு மாநிலத்தின் மெடிக்கெய்டு, அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு, திறக்கும். அதில் அந்த மாதத்து வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

மத அமைப்புகள் நடத்தும் "செலவுப் பகிர்வு" திட்டங்களும் மலிவாகக் கிடைக்கும். அவை காப்பீடு அல்ல, பணம் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மறுக்கலாம். மலிவாக வந்த புதுக் கம்பெனிகளின் கதையும் தெரிந்திருக்க வேண்டும்: பிரைட் ஹெல்த் 2022 முடிவில் கொலராடோவை விட்டுப் போனது, ஃப்ரைடே ஹெல்த் பிளான்ஸ் 2023 ஆகஸ்டு இறுதியில், ஆண்டு நடுவிலேயே, மூடியது. விலை கிட்டத்தட்ட சமமாக இருந்தால் நான் பழைய கம்பெனியைத்தான் எடுப்பேன்.

கம்பெனிகளை நேருக்கு நேர் ஒப்பிட, 2023இல் வந்த கொலராடோ ஆப்ஷன் திட்டங்கள் வசதியானவை. ஒரே நிலையில் எல்லாக் கம்பெனியும் ஒரே பலனைத் தர வேண்டும் என்பது விதி. வித்தியாசம் விலையிலும் நெட்வொர்க்கிலும்தான். மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான கனெக்ட் ஃபார் ஹெல்த் கொலராடோ தளத்தில் 2026 திட்ட ஆண்டுக்கு நவம்பர் 1 முதல் ஜனவரி 15 வரை பதிய முடிந்தது. ஜனவரி 1 முதலே திட்டம் வேண்டுமென்றால் டிசம்பர் 15க்குள் முடிக்க வேண்டியிருந்தது. முகவர் வழியாக எடுத்தாலும் பிரீமியம் ஏறாது. சம்மிட் கவுண்டியில் எஃப்ஐஆர்சி என்ற குடும்ப நல மையத்தில் உட்கார்ந்து இலவசமாகவே விண்ணப்பம் போட்டுத் தருவார்கள். போகும்போது போன வருட வரிக் கணக்கையும், இப்போது எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு எடுத்துப் போங்கள்.