நிசேகோயியா, ஐந்து சகோதரிகளா?

ஒரு பையன், அவனைச் சுற்றிப் பல பெண்கள். 2014-இல் அனிமேயாக, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடராக, வந்த 'நிசேகோயி'க்கும் 2019-இல் வந்த, ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகளின் கதையான 'கோ-தோபுன் நோ ஹனயோமே'வுக்கும் அடித்தளம் இதுதான். ஆனால் காதல் போட்டி ஒருத்தியை மாற்றுகிறதா என்று பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

நிசேகோயியில் யாகுசா (ஜப்பானிய மாஃபியா) குடும்பத்து ராகுவும் எதிர்க்கும்பல் தலைவரின் மகள் சிதோகேவும் சண்டையைத் தவிர்க்கக் காதலர்களாக நடிக்கிறார்கள். ராகுவை உண்மையிலேயே விரும்பும் ஒனோதெரா வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கிடுகிறது. முதலில் ரசித்தேன். அப்புறம் அவளுக்காக வருத்தமாகவே இருந்தது. கதை அவளை வளரவிடவில்லை. அவனை வெளிப்படையாகக் காதலிக்கும் மரிகாதான் அங்கே எனக்குப் பிடித்தவள்.

ஐந்து சகோதரிகளின் கதையில் போட்டி வலிக்கிறது, காரணம் எதிரி அக்கா தங்கைதான். முதலில் ஐவருக்கும் பாடம் சொல்ல வந்த ஃபூதரோவுக்குத் தூக்க மருந்து கலந்த தண்ணீர் கொடுத்து விரட்டிய சகோதரி நினோ, பின்னர் அவனிடமே துணிந்து காதலைச் சொல்கிறாள். மூத்தவள் இச்சிகா, தங்கை மிக்கு போல வேடமிட்டு அவளுக்கே துரோகம் செய்கிறாள். நல்லவளாகவே இருந்த மூத்தவளை அப்படிக் காட்டியதற்குத் துணிச்சல் வேண்டும்.

சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒனோதெராவின் மோசமான சமையல் பெரும்பாலும் சிரிப்புக்குத்தான். மிக்குவுக்கும் சமையல் வராது. ஆனால் அவள் ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து கற்றுக்கொள்கிறாள், அதையே தன் எதிர்காலமாகவும் தேர்ந்தெடுக்கிறாள்.

சிரிப்பும் அனிமேஷன் நிறுவனமான ஷாஃப்டின் அழகான காட்சிகளும் போதுமென்றால் நிசேகோயி சரி. என் ஓட்டு சகோதரிகளுக்கே.