கடல் நீச்சல் போட்டிக்கு ‘பேக்கேஜ்’ வாங்குவோர் கவனத்துக்கு

போட்டிப் பதிவு, தங்குமிடம், போக்குவரத்து, வாடகை வெட்சூட் (குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை), நீந்தும்போது பாதுகாப்புக்காகப் பக்கத்திலேயே வரும் கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) என எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் செய்து தருவதாகச் சொன்ன பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம் பணம் கட்டி நாங்கள் சிலர் ஏமாற்றப்பட்டோம். புகார் விசாரணையில் இருப்பதால் அவர்கள் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் இதே விதமாக விற்பவர்கள் வேறு பெயர்களிலும் இருக்கக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். முதன்முறையாகக் கடலில் நீண்ட தூரம் நீந்தப் பெயர் கொடுக்கவிருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

விளம்பரத்தில் கடல்நீரின் வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் எங்கள் பயிற்சி முழுவதும் நடந்தது. கட்டணம் திரும்பக் கிடைப்பதற்கான கெடு முடிந்த பிறகுதான், நீர் 16 டிகிரி அளவில் இருக்கும் என்றும், வெட்சூட் கட்டாயம் என்றும், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றும் செய்தி வந்தது. ஐந்து டிகிரிதானே என்று நீச்சல் பழக்கமில்லாதவர்கள் நினைக்கலாம். குளிர்ந்த நீரில் இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. அது தானாக இழுக்கும், இதயத் துடிப்பு எகிறும், அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் நீரையே உள்ளிழுத்துவிடும் ஆபத்து உண்டு. குளிர்நீரில் சிறிது நேரம் இருந்து கரையேறுவதைப் பலமுறை செய்து பழகியவர்களுக்கு இந்த அதிர்ச்சி வெகுவாகக் குறைகிறது. அப்படிப் பழகுவதற்கான கால அவகாசத்தைத்தான் அந்தப் பொய்யான எண் எங்களிடமிருந்து பறித்தது.

உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸின் விதிகளின்படி, நீர் 16 டிகிரிக்குக் கீழேயோ 31 டிகிரிக்கு மேலேயோ இருந்தால் கடல், ஏரி போன்ற திறந்த நீரில் போட்டியை நடத்தக் கூடாது. 18 டிகிரிக்குக் கீழே வெட்சூட் கட்டாயம். போட்டி நாளன்று, தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, பாதையின் நடுவில் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் அளக்க வேண்டும் என்பது வரை விதி சொல்கிறது. தனியார் நடத்தும் போட்டிகள் எல்லாம் இந்த அமைப்பின் கீழ் வருவதில்லை என்றாலும், பொறுப்பாக நடத்துபவர்கள் இந்த அளவுகளையே பின்பற்றுகிறார்கள். நாங்கள் சென்ற இடத்தில் யாரும் எதையும் அளக்கவில்லை. எப்போது அளந்தீர்கள் என்று கேட்டதற்கு, “நேற்று நன்றாகத்தான் இருந்தது” என்பதே பதில்.

வாடகைக்குத் தந்த வெட்சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீச்சலுக்கென்று தயாரிக்கும் வெட்சூட்டில் தோள் பகுதி மெல்லியதாகவும் நன்றாக நீள்வதாகவும் இருக்கும். வெளிப்புறம் வழவழப்பாக இருக்கும். இடுப்பும் கால்களும் மிதப்பதற்காக அங்கே ரப்பர் தடித்திருக்கும். எங்களுக்குக் கிடைத்தவை அலைச்சறுக்குக்கான உடைகள். மேலே துணி ஒட்டியிருந்ததால் அது நீரைக் குடித்துக் கனத்தது, தோள் மடங்க மறுத்தது. என்னுடையதில் கழுத்து மடிப்பின் தையல் பிரிந்து நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது; தலையைத் திருப்பி மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரே இடத்தில் உரசியதில், வாஸ்லின் தடவியும் பயனின்றித் தோல் உரிந்துவிட்டது. அளவு சரியில்லை என்று மாற்றித் தரக் கேட்டவர்களுக்கு வேறு உடை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தொடக்கக் கோட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று சொன்ன தங்குமிடம் வெகு தொலைவில் இருந்தது. விடியற்காலையில் வர வேண்டிய பேருந்து தாமதமாக வந்தது. இதனால் திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டும் மிதவைகள் எங்கே, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த நேரத்துக்குள் எதைக் கடக்காவிட்டால் நீரிலிருந்து ஏற்றிவிடுவார்கள் என்பவற்றை விளக்கும் கூட்டம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இறங்கி உடலைப் பழக்கிக்கொள்ளவும் நேரமில்லை. உடை மாற்றிய கையோடு நேராகத் தொடக்கத்துக்கு ஓடினோம்.

நான்கு பேருக்கு ஒரு கயாக் என்று எழுத்தில் தந்திருந்தார்கள். கடலில் இருந்தவை இரண்டு கயாக்குகளும் ஒரு மோட்டார் படகும் மட்டுமே. நீரில் இறங்கும்போது தலை எண்ணவில்லை, கரையேறும்போதும் எண்ணவில்லை. பாதி வழியில் எங்கள் குழுவில் ஒருவருக்குக் கெண்டைக்கால் தசை இறுகிப் பிடித்துக்கொண்டது. அவர் கையை உயர்த்திக் காட்டினார். படகு மறுமுனையில் இருந்தது. இன்னொருவர் இடுப்பில் கட்டியிருந்த மிதவையை அவருக்குக் கொடுத்து, நாங்கள் இருவர் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கரை சேர்த்தோம். அவர் போட்டியிலிருந்து விலகிவிட்டதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்தார். அவருக்கு வயது 26. அவர் கரைக்கு வரவில்லை என்பதைக் கவனித்துத் தேடுவதற்காகத் திரும்பவும் கடலில் இறங்கியவர்கள் அவருடன் நீந்திய வீரர்கள்தான். 31 டிகிரி உச்சவரம்பு அதற்குப் பிறகே விதியில் சேர்ந்தது. உலகத்தரப் போட்டியிலேயே இப்படி நடந்திருக்கும்போது, தலை எண்ணாமல் ஆட்களைக் கடலில் இறக்குவதைச் சின்னக் குறைபாடு என்று மன்னிக்க என்னால் முடியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கடலில் நேரும் ஆபத்துகளுக்கு நாங்களே பொறுப்பு என்று கையெழுத்திட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. நாங்கள் கேட்பது கடலைப் பற்றி அல்ல. தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தராத கயாக், வெட்சூட், தங்குமிடம் ஆகியவற்றைப் பற்றி.

இப்படி யாராவது உங்களிடம் விற்க வந்தால், போட்டியை உண்மையில் நடத்துவது யார் என்று முதலில் கேளுங்கள். உங்கள் பெயரும் தூரமும் பதிவாகியிருக்கின்றனவா என்று அவர்களிடமே நேரடியாக உறுதிசெய்யுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை படகு, தலை எண்ணுவது யார், மருத்துவர் எங்கே நிற்பார், கடந்த ஆண்டுகளில் இதே வாரத்தில் நீர் எத்தனை டிகிரி இருந்தது என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். வெட்சூட்டை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், பயணத்துக்கு முன்பே அதை அணிந்து நீந்திப் பார்க்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு இடத்தில் ஏற்பாடு செய்வது நல்லது.

எங்களைப் போல ஏற்கெனவே பணம் கட்டி, சொன்ன சேவை கிடைக்காதவர்கள், அட்டை மூலம் கட்டியிருந்தால் உடனே வங்கியில் முறையிடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. அந்த ஏற்பாட்டாளர்கள் இப்போது விளம்பரத்திலிருந்து கயாக் பற்றிய வரியை நீக்கிவிட்டார்கள். பழைய விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பினால் புகாருடன் இணைத்துவிடுவேன்.