ஃபிலடெல்ஃபியா இன்டிபென்டன்ஸ் ஹால்: அந்த நாற்காலிக்காகவே போகலாம்

முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் நான். 1776, 1787 என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனமும் (1776) அரசியலமைப்பும் (1787) இந்தக் கட்டடத்தின் ஒரே அறையில் பிறந்தவை என்பது அங்கே போய் நின்றபோதுதான் உறைத்தது.

நான் நினைத்ததைவிடச் சின்ன அறை. பச்சைத் துணி விரித்த மேசைகள். அவை அந்தக் காலத்தவை, ஆனால் பெரும்பாலும் அன்று இந்த அறையில் இருந்த அசல் இல்லை. 1787-இல் அரசியலமைப்பை எழுதக் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலி மட்டும் அசல். அதன் முதுகில் பாதிச் சூரியன். அது மறைகிற சூரியன் இல்லை, உதிக்கிற சூரியன்தான் என்று மாநாட்டின் கடைசி நாளில் பிரதிநிதிகளில் ஒருவரான ஃபிராங்க்ளின் சொன்னாராம். சரி, புது நாடு தேறுமா என்று அவருக்கே அதுவரை சந்தேகம் இருந்திருக்கிறது!

இருக்காதா பின்னே? பிரிட்டனோடு நடந்த போரில் ஜெயித்தும், 13 மாநிலங்களின் பொதுச் சபையான காங்கிரஸுக்கு வரி போடக்கூட அதிகாரமில்லை. அதைச் சரிசெய்யத்தான் மாநாட்டுப் பிரதிநிதிகள் கோடை வெக்கையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் வாதாடினார்கள். வந்துபோன 55 பேரில் அரசியலமைப்பில் கையெழுத்திட்டது 39 பேர்தான்.

வழிகாட்டி நிதானமாகப் பேசினார், என் கேள்விகளுக்கும் பொறுத்தார். நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். எவர்சில்வர் டிபன் டப்பாவோடு போகாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் என்னால் வரிசையே நின்றது, மருமகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.